செவ்வாய்க்கிழமை லீவு

என் அக்கா தையல் மெஷின் பழுது பார்ப்பவள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய பட்டறை. பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து வாயே திறக்காமல் போன மூத்த மகளை, மூன்று வருடங்களுக்கு முன்பு வீட்டோடு நிறுத்திக்கொண்டு, தானே பாடம் சொல்லித்தர ஆரம்பித்தாள். பிறகு, நாங்கள் வாலு என்று கூப்பிடும் சின்னவனையும் சேர்த்துக்கொண்டாள். ஸ்குரூ முடுக்குகிறவள் டீச்சராகிவிட்டாளாம் என்று சொந்தக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது மூத்தவள் பேசுகிற பேச்சில் எங்களுக்குத்தான் காது வலிக்கிறது.

மாமா பஸ் ஓட்டுகிறார். அவருக்கு வார விடுமுறை செவ்வாயும் புதனும். அதனால் அந்த வீட்டில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாடம் நடக்கும். செவ்வாய், புதனில் புத்தகத்தை யாராவது தொட்டால் அக்காவுக்குக் கோபம் வரும். அப்பா வீட்டிலிருக்கிற நாள் அப்பாவுக்கு என்பது அவள் போட்ட சட்டம்.

வீட்டிலேயே படிக்க வருடா வருடம் அனுமதி வாங்க வேண்டும். கல்வி அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார். அவர் சரியில்லை என்று எழுதிவிட்டால் பிள்ளைகள் பழையபடி பள்ளிக்கூடம் போக வேண்டியதுதான். போன வாரம் வந்த அந்த அம்மாள் புதியவர். வந்தது செவ்வாய்க்கிழமை.

நானும் அந்த வாரம் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அங்கேதான் இருந்தேன். பின்கட்டில் மாமா ஒரு நீளப் பலகையைப் பழைய தையல் மெஷினின் இரும்புக் கால் மேல் பொருத்தி, ஏறி இறங்கி ஆட ஒரு சீசா செய்திருந்தார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நாங்கள் மூன்று பேர். அப்படியும் மாமா பக்கம் தரையை விட்டு எழும்பவில்லை. வாலு அவரை இனிமேல் பாதிச் சாப்பாடுதான் சாப்பிட வேண்டும் என்று மிரட்டிக்கொண்டிருந்தான். அக்கா கீழே படுத்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள்.

கல்வி அதிகாரி வந்திருக்கிறேன் என்று வாசலில் குரல் கேட்டதும் நான் பலகையிலிருந்து குதித்தேன். நான் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ஆய்வு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளை இழுத்துப் போய் மேஜையில் உட்காரவைத்து, கணக்குப் புத்தகத்தை விரித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

என்ன பாடம் நடக்கிறது என்று அதிகாரி மூத்தவளிடம் கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். தலை இன்னும் குனிந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு பார்த்த அதே முகம்.

அக்கா கிரீஸ் கையோடு உள்ளே வந்தாள். மகளைப் பார்த்தாள். முழங்கையால் புத்தகத்தைத் தள்ளி மூடினாள்.

"மேடம், இன்னிக்குப் பாடம் கிடையாது. லீவு. என் தங்கச்சி பயந்துபோய் உட்கார வச்சிட்டா."

செவ்வாய்க்கிழமை என்ன லீவு என்று அவர் கேட்க, மாமா விளக்கினார். அதிகாரி பின்கட்டைப் போய்ப் பார்த்தார். கெட்டவரில்லை. எடை, சமநிலை எல்லாம் இதில் இருக்கிறதே, அறிவியல் பாடம் என்றே எழுதிவிடுகிறேன் என்றார். நான் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"வேண்டாம் மேடம். அவங்க விளையாடறாங்க, அப்படியே எழுதுங்க. பாடம் பாக்கணும்னா வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வாங்க."

அதிகாரி தன் படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை காலையில், இன்றைக்காவது கொஞ்சம் படிக்க வைக்கலாமே என்று அக்காவிடம் கெஞ்சினேன்.

"நேத்து உன் புண்ணியத்துல ஒரு பாடம் நடந்துச்சு. ஆள் வந்தா நடிக்கணும்னு. அதுவே ஜாஸ்தி," என்றாள். எல்லோரும் ஆற்றுக்குப் போனோம். மாமா வாலுவுக்கு நீச்சல் பழக்கினார். அக்கா உடுத்திய துணியோடு குதித்து எங்கள் எல்லோர் மேலும் தண்ணீர் வாரியடித்தாள். எனக்குத்தான் எதிலும் மனசு ஒட்டவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். மூத்தவள் பின்னங்களில் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினாள். போதும்மா என்று அவரே சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, செவ்வாய்க்கிழமை என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள்.

அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். நடைபெறும் பாடம் என்ற கட்டத்தில் 'விடுமுறை. குடும்பமே விளையாடிக்கொண்டிருந்தது' என்று இருந்தது. அதன் கீழே, எங்கள் கண் முன்னாலேயே, அனுமதி தொடரலாம் என்று எழுதினார்.

அவர் போனதும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்குள் ஒரு மெஷினைப் பிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

"வர்ற செவ்வாய்க்கிழமையும் லீவு போட்டுட்டு வா. வாசல்ல யார் வந்து நின்னாலும் பலகையை விட்டு இறங்கக் கூடாது."