குழியில் விழுந்த சொட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை, ரங்கூன் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகும் டாலா படகில் நின்றுகொண்டிருந்தபோது எஸ்தரின் தங்கை ரூத் போனில் கூப்பிட்டாள். "அண்ணே, அக்கா போயிட்டாங்க. டீ கேட்டாங்க. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." என்றாள். படகு நடு ஆற்றில் இருந்தது. எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன்: இவளோடு போட்ட சண்டை இன்னும் முடியவில்லையே!

அடக்க ஆராதனையில் நான்கு பேர் பேசினார்கள். எஸ்தர் வடதுருவத்துக்குப் போனாள், வெள்ளைக் கரடியைப் பார்த்தாள், எல்லாரிடமும் சாந்தமாக இருந்தாள் என்றார்கள். கரடியை அவள் ஒரே ஒரு முறை, அதுவும் தூரத்தில் பார்த்தாள். சாந்தம் என்பது பச்சைப் பொய். அந்த ஆய்வுக் கப்பலில் அவள் என்ன வேலை செய்தாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஐஸ் ஆலைக்காரனிடம் மைக்கை யார் கொடுப்பார்கள்? ஆகவே எழுதுகிறேன். அவளை அறிந்தவர்களே, எஸ்தர் கடல் பனிக்கட்டியை எடை போட்டாள்.

அது எதற்கு என்று கேட்பவர்கள் டாலா துறைக்குப் போய்ப் பாருங்கள். படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தே படகுக்காரர் பாரத்தைச் சொல்லிவிடுவார். துருவக் கடலிலும் அப்படித்தான். வானத்திலிருந்து பார்க்கும் கருவிக்கு நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் கொஞ்சம் பனிதான் தெரியும். அதை வைத்து அடியில் மூழ்கியிருப்பதைக் கணக்கிட வேண்டும். அதற்குப் பனிக்கட்டியின் அடர்த்தி தெரிய வேண்டும். அடர்த்தியில் இம்மி பிசகினால் ஆழத்தில் முழக்கணக்கில் பிசகும்.

ஒரு விடுமுறையில் ரங்கூன் வந்தவள், ஒரே கோயிலில் ஆராதனைக்குப் போய்ப் பழகிய உரிமையில், ஷ்வேப்யிதா பேட்டையில் இருந்த எங்கள் ஐஸ் ஆலைக்கு வந்தாள். "அண்ணே, ஒரு டின்ல உப்புத் தண்ணி ஊத்தி உறைய வச்சுத் தருவீங்களா? வேலையப் பழகிப் பாக்கணும்."

"தங்கச்சி, டின்னுக்குள்ள உப்பு போகாம இருக்கத்தான் முப்பது வருஷமா உசிரை விடுறேன். நீ ஊத்தவே சொல்றியா?"

எங்கள் ஆலையில் நல்ல தண்ணீர் டின்கள் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் நிற்கும். டின்னில் ஓட்டை விழுந்தால் உப்பு புகுந்து கட்டி கெட்டுவிடும். வழியெல்லாம் ஒழுகும். அப்படி ஒரு கட்டி டாலாவுக்குப் போய் எடை குறைந்தபோது, நான் டின்னைக் குறைவாக நிரப்பினேன் என்றார் மேலாளர். உப்புநீர் வடிந்துவிட்டது என்றேன். "படிக்காதவன் பேச்சு" என்று திரும்பிக்கொண்டார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பக்கத்து மீன் கிடங்கின் குளிர் அறையில் எஸ்தர் அந்த உப்புக்கட்டியை ரம்பத்தால் துண்டு போட்டாள். நீளம், குறுக்களவு எடுத்தாள். தராசில் வைத்தாள். வகுத்துப் பார்த்து, "சரியா வருது அண்ணே!" என்றாள். நான் அவள் எண்ணைப் பார்க்கவில்லை. துண்டு கிடந்த மேசையைப் பார்த்தேன். ஈரம். விரலால் தொட்டு நக்கினேன். கரித்தது.

"இது எந்தக் கணக்குல, எஸ்தரு? நீ போட்டது வடிஞ்சு போன மிச்சத்தோட எடை."

அவளும் குனிந்து நக்கினாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "அங்க ஒழுகும்னு தெரிஞ்சு பைக்குள்ளதான் போடுறோம். ஆனா பைக்குள்ள போடறதுக்கு முந்தி?" என்று கத்தினாள். மீன் தட்டு ஒன்றைப் பிடுங்கிக் கட்டிக்கு அடியில் வைத்தேன். சொட்டையும் சேர்த்து எடை போட்டோம். மூன்று நாள் போட்டோம். இருவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கிடங்கின் பர்மியத் தொழிலாளர்கள் சிரித்தார்கள்.

அடுத்த பயணம் முடிந்து கரையேறியதும் போன் செய்தாள். "அண்ணே, தட்டு வேலை செய்யுது! பனியத் துளைக்கிற குழாய இறக்கி, அதுக்குள்ள உருளையா வர்ற கட்டிய வெளிய எடுத்த உடனே தட்டுல வச்சிடுறோம்!"

நான் மகிழ்ந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "குழாயத் தூக்கும்போது குழியிலேயே சொட்டினது?"

"அத எப்படிண்ணே பிடிக்கிறது?"

"அது உன் பாடு. ஆனா அது இல்லவே இல்லன்னு மட்டும் எழுதாத."

"உங்களுக்குத் திருப்தியே கிடையாதா?"

"பொய் எடைக்கு எதுக்கு எனக்குத் திருப்தி?"

போனை வைத்துவிட்டாள்.

பின்னர் அவர்களுடைய அறிக்கை அச்சில் வந்தது. ரூத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கப்பல் சமையல்காரருக்குக்கூட நன்றி இருந்தது. தட்டு இருந்தது. நான் இல்லை. குழியும் இல்லை. எஸ்தர் ஓய்வு பெற்று ரங்கூன் திரும்பிய பிறகும் இரண்டு வருடம் நான் அவள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. கோயில் வாசலில் என்னைப் பிடித்து, "இன்னும் கோவமாண்ணே?" என்பாள்.

"குழி என்னாச்சு?" என்பேன்.

"குழி அங்கயேதான் இருக்கு. நான் தூக்கிட்டா வர முடியும்?"

அடக்கம் முடிந்ததும் ரூத் ஒரு பழைய நோட்டையும் பென்சிலையும் என் கையில் வைத்தாள். "'திட்டிக்கிட்டேதான் வாங்குவாரு, குடு'ன்னு அக்கா சொல்லியிருந்தாங்க" என்றாள். துருவத்தில் மை உறைந்துவிடும் என்பதால் எல்லாம் பென்சில் எழுத்து. நீளம், குறுக்களவு, எடை, தட்டு என்று ஆங்கிலத்தில் கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு மட்டும் தமிழில் இருந்தது: அண்ணன். அதன் கீழே, அவள் துளைத்த ஒவ்வொரு குழிக்கும் ஒரு கேள்விக்குறி. பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி!

"அறிக்கை அச்சானப்ப கூட வேலை பாத்தவங்க அந்தக் கட்டத்த எடுத்துட்டாங்களாம். அக்கா மூணு நாள் அவங்களோட பேசலியாம்" என்றாள் ரூத்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எப்ப அவங்கள விசாரிச்சீங்க? குழியத்தான விசாரிச்சீங்க?"

நான் நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பி, கேள்விக்குறிகளை எண்ண ஆரம்பித்தேன்.

அந்த நோட்டை நான் வைத்துக்கொள்கிறேன். சும்மா வைத்துக்கொள்ளப் போவதில்லை. குழாயின் அடியில் ஒரு மூடி வேண்டும். தூக்குவதற்கு முன் அது கட்டியின் கீழே வந்து மூடிக்கொள்ள வேண்டும். தகரத்தில் வெட்டிப் பார்த்துவிட்டேன், மூடுகிறது! நேற்று பழைய ஆலைக்குப் போன் செய்து, ஒரு டின்னில் உப்புத் தண்ணீர் ஊற்றி உறைய வைக்கச் சொன்னேன். இப்போது அங்கே இருப்பவர், "உப்பு போகாம பாக்கத்தான் சம்பளம் வாங்குறோம், ஊத்தவா சொல்றீங்க?" என்றார். சரி என்று சொல்லும்வரை நான் போனை வைக்கவில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அவள் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். 'அண்ணன்' கட்டத்தில் முதல் எண்ணை அந்தப் பென்சிலால்தான் எழுதுவேன்.