தூணின் நாக்கு

காரைக்கால் கடைத்தெருவில் இன்று யாரோ மெழுகில் குங்கிலியம் போட்டு உருக்கினார்கள். அந்த வாசனை, இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் போலகம் கிராமத்து வீட்டு வாசலுக்கு என்னை இழுத்துப் போனது. வாசல் மரத்தூணில் செதுக்கியிருந்த பெண் முகம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் உதட்டோடு வெடித்து, காற்றடித்தால் முனகும். அதைக் கேட்கச் சகிக்காமல் அம்மா ஒவ்வொரு சித்திரையிலும் குங்கிலியம் போட்டு உருக்கிய மெழுகில் மரத்தூளைக் குழைத்து அந்த வெடிப்பை அடைப்பாள்.

"வெயில்ல அடைக்காதீங்க அண்ணி, மழையில மரம் ஊறுனா வெளிய தள்ளிடும்" என்பாள் அப்பாவின் தங்கை.

அப்படியேதான் ஆகும். ஐப்பசி மழையில் மரம் ஊறி வெடிப்பு நெருங்க, அடைத்த மெழுகு உதடுகளுக்கு நடுவே நாக்குப் போலப் பிதுங்கி, நாளுக்கு நாள் நீளும். அம்மா அதைக் கத்தியால் நறுக்கி எறிவாள்.

துபாயிலிருந்து அப்பாவின் போன் வருவது நின்றுபோன வருடம், நாக்கு நீண்டதும் நானே கத்தியைக் கொண்டுவந்தேன்.

"வேணாம், விடு. அது சொல்ல வந்தத சொல்லட்டும்" என்றாள் அம்மா.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் தூணில் காதை வைத்தபடி நின்றாள். எனக்கு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அம்மாவோ நடுநடுவே "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.