கோமதியோட ஈஸ்டும் எங்க சாரோட ரூலும்

கோமதி போயிட்டா. இன்னைக்கு காலைல, திருப்பதி ஆஸ்பத்திரில. காய்ச்சல்.

லேப்ல என் பக்கத்து டேபிள் அவ. பாலசமுத்திரம் பொண்ணு. பிஎச்.டி. முடிக்கிற நேரம்... வாய்ல கெட்ட வார்த்தை தான் வருது, மன்னிச்சிக்குங்க.

அவ என்னா பண்ணிகினு இருந்தான்னு நெறைய பேருக்கு தெரியாது. உடம்புல இருக்கற செல்லை பட்டினி போட்டா, அது தன்னையே கொஞ்சம் துன்னு உயிர் பொழைக்கும். ஆட்டோஃபேஜின்னு பேரு. அதை நடத்துற புரோட்டீனுங்க ரொட்டி மாவை பொங்க வெக்கிற ஈஸ்ட்லயும் இருக்குது, நம்ம உடம்புலயும் இருக்குது.

ஒருநாள் வடமாலபேட்டை கிட்ட பஸ் நின்னுகினு இருந்தப்ப சொன்னா. "ஈஸ்ட்ல ஒருத்தன் பாக்கற வேலைக்கு நம்ம கிட்ட ஒரு குடும்பமே இருக்குதுடி. அண்ணன் தம்பிங்க பிரிஞ்சி ஆளுக்கொரு வேலைக்கு போயிட்டானுங்க. பழைய வேலைய இன்னும் எவன் பாக்கறான்னு தேடறேன்."

தேடினா. ஈஸ்டோட ஜீனை எடுத்துட்டு மனுஷ ஜீனை வெச்சி பட்டினி போட்டா. அதுல ஒரு மனுஷ ஜீன் மட்டும் ஈஸ்டை சாவாம காப்பாத்திச்சி.

அன்னைக்கு கேன்டீன்ல பூரிய அப்படி துன்னா. "அதுங்க பட்டினி கிடக்கட்டும், நான் ஏன் கிடக்கணும்"னு ஒரே சிரிப்பு.

திரும்ப செஞ்சி காட்டுன்னாரு எங்க கைடு சார். அது தப்பில்ல. ஆனா அவருக்குன்னு ஒரு ரூல்... பட்டினி போட்ட கை தான் கடைசி வரைக்கும் சாம்பிள் எடுக்கணும். கை மாறினா ரிசல்ட் மாறிடுமாம்.

போன வாரம் அவ உடம்பு நெருப்பா கொதிச்சிது. நான் எடுக்கறேன் சார், அவள வீட்டுக்கு அனுப்புங்கன்னேன்.

"டேப்லெட் வேஸ்குனி செய்யம்மா, ஈ ஒக்க ரோஜே கதா." தெலுங்குல சொன்னாரு சார். மாத்திரை போட்டுகினு செய்யணுமாம், ஒரு நாள் தானாம்.

அந்த ஒரு நாள் இழுத்துகினே போச்சி. சுவத்த புடிச்சிகினு நடந்தா. கீழ விழுந்தப்புறம் தான் ஆஸ்பத்திரி.

இப்ப அவரு வாட்ஸ்அப் குரூப்ல கை கூப்பற படம் போட்டு 'டெடிகேட்டட் ஸ்காலர்'ங்கறாரு. கொஞ்ச நேரத்துல எனக்கு தனியா மெசேஜ்... கோமதி விட்ட சாம்பிளை நீ எடுத்துடும்மான்னு.

இப்ப மட்டும் கை மாறலாமா சார்? நீங்க இதை படிப்பீங்கன்னு தெரியும். நல்லா படிங்க. நான் எடுக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல அவள பெத்த நைனா என் கைய புடிச்சிகினு கேட்டாரு. "காய்ச்சல்னு சொன்னா லீவு குடுக்க மாட்டாங்களாம்மா?"



ஊருக்கு எடுத்துகினு போறாங்க. நானும் பின்னால வண்டில வந்துகினு இருக்கேன்.

போடி கோமதி... போய் படுத்து தூங்கு.