பழம் போகும் தூரம்

பெட்டிக்குள் கையை விட்டு, மேலே அழகுக்கு அடுக்கியிருக்கும் தக்காளிகளை ஒதுக்கி, அடியிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள் சுகுணா. பார்த்த கையோடு திட்டும் தொடங்கிவிடும். மாரண்டஹள்ளி மண்டியில் காலை ஆறு மணிக்கு லாரி ஹாரனுக்கு முன்னால் கேட்பது இவள் குரல்தான் என்று சுமை தூக்குகிறவர்கள் சொல்வார்கள். நாற்பத்துநான்கு வயது. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, காதில் செருகிய பேனா. எந்தப் பெட்டி எந்த ஊர் வண்டியில் ஏற வேண்டும் என்று பிரித்துவிடுவது அவள் வேலை.

ஊர்களைக் கிலோமீட்டரில் அவள் சொல்லிக் கேட்டதில்லை. கேரளாவும் தூத்துக்குடியும் பச்சைத் தூரம். அங்கே போகிற தக்காளியைப் பச்சையாகப் பறித்தால்தான் வழியில் பழுத்து, இறக்கும்போது சரியாக இருக்கும். சென்னை செங்காய்த் தூரம். தர்மபுரி, சேலம், பெங்களூரு எல்லாம் பழத் தூரம்; சிவந்த பழத்தைத் தைரியமாக ஏற்றலாம். இந்த மூன்று அளவுக்குள் அவளுடைய உலகம் மொத்தமும் அடங்கிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் திருவண்ணாமலைக்குப் போவதாகச் சொன்னால்கூட, "பழம் தாங்கும், போய்ட்டு வாங்க" என்பாள்.

போன மாதம் அவளிடம் மாட்டிக்கொண்டவர் சென்னப்பன். பஞ்சப்பள்ளிப் பக்கம் இரண்டு ஏக்கர் தக்காளிக்காரர், பாவம், நல்ல மனிதர். முந்தின நாள் போனில், "நாளைக்கு உங்க காய் குப்பத்துக்குப் போவுது" என்று இவள் சொல்லியிருந்தாள். குப்பம் ஆந்திராவில் இருக்கிறது. ஆந்திரா என்றாலே தொலைதூரம் என்று நினைத்து, அவர் முப்பது பெட்டி பச்சைக் காயாகப் பறித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏங்க, குப்பம் என்ன காசியா?" என்றாள் சுகுணா. "ராயக்கோட்டை தாண்டுனா கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரி தாண்டுனா குப்பம். சேலத்த விடக் கிட்டங்க அது. இந்தக் காய எவன் வாங்குவான்? ஊறுகா போடறவன்கூடத் தொட மாட்டான்."

"ஆந்திரா ஆச்சேன்னு பாத்தம்மா."

"ஆந்திரான்னு போர்டு வெச்சா ஊரு நவுந்து போயிடுமா?"

இப்படிப் பறித்து வந்து ஏமாந்தவர்களில் சென்னப்பன் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. வாரத்துக்கு ஒருவர் வருவார். ஒவ்வொருவரையும் முதல் ஆளைத் திட்டுவதுபோலவே திட்டுவாள். ஒரு வாரத்துக் கோபம் அடுத்த வாரத்துக்கு மிச்சமாகாது, புதிதாக வரும்.

மண்டிச் சுவரில் ஒரு டயர் கம்பெனி கொடுத்த இந்திய வரைபடம் ஒட்டியிருந்தது. சாக்குத் தைக்கிற நூலை வைத்து அதில் அளந்து பார்ப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர்கள் டீயும் கையுமாக நின்றால் போதும், பிடித்துக்கொள்வாள். "மெட்ராஸ் வடக்கயா, பெங்களூரு வடக்கயா?" பெங்களூருதான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள், நம் ஊரிலிருந்து மேலே ஏறிப் போகிற ஊராயிற்றே. நூலைக் குறுக்கே இழுத்துப் பிடித்துச் சென்னை ஒரு மயிரிழை வடக்கே இருப்பதைக் காட்டுவாள். டெல்லியும் கன்னியாகுமரியும் இரண்டுமே மாரண்டஹள்ளிக்குக் கொஞ்சம் மேற்கே என்று காட்டினால், இந்தியா முழுக்க வண்டி ஓட்டிய கிழ டிரைவர்கள் வரைபடம் தப்பு என்பார்கள். அதற்கும் திட்டு உண்டு.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது, அவள் மகள் பூவிழிக்கு வேலை வரும்வரை.

பூவிழி நர்சிங் படித்தவள், இருபத்திரண்டு வயது. ஒன்றரை வருடம் அலைந்து, குப்பத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தங்க இடமும் உண்டு, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதம் சொன்னது. சுகுணாவின் கணவர் மஞ்சள் காமாலையில் போய் ஏழு வருடம் ஆகிறது. அதனால் இந்த வீட்டில் நல்லது கெட்டதுக்கு அனுமதி தருகிற அதிகாரத்தைக் கணவரின் அண்ணன் பெரியண்ணன் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் கொடுத்ததாக நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். கூடவே இரண்டு பங்காளிகள்.

"பாஷ தெரியாத தேசம்," என்றார் பெரியண்ணன், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "ஒரு அவசரம்னா யாரு போயி எப்ப சேர்றது? மெட்ராஸ்னா சொல்லு, நாளைக்கே அனுப்பலாம். நம்ம ரஞ்சித்து அங்கதான இருக்கான்."

ரஞ்சித்குமார் அவர் மகன். மகளைத் தூத்துக்குடியில் கொடுத்திருக்கிறார். சமையலறை வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த சுகுணாவுக்குக் காது சுட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையச் சொல்கிறாரே இந்த மனுஷர் என்று இருந்தது. முந்தின நாளே மண்டிச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு வந்திருந்த வரைபடத்தை அவர் காலடியில் விரித்தாள். நூலின் ஒரு முனையை மாரண்டஹள்ளியில் வைத்தாள்.

"பாருங்க மாமா. இது குப்பம். கட்டைவிரல் அகலம்கூட இல்ல. இது மெட்ராஸ், இதுமாதிரி நாலு மடங்குக்கு மேல. இது நீங்க பொண்ணக் குடுத்த தூத்துக்குடி." நூலை அப்படியே பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் கடலுக்கு மேலாகத் திருப்பினாள். "இது யாழ்ப்பாணம். பாத்தீங்களா? நூலு மிச்சம் இருக்குது. தூத்துக்குடிய விட சிலோன் கிட்ட மாமா நமக்கு. அங்க பொண்ணக் குடுக்கறப்ப யாரும் வாயத் தொறக்கல. எம்பொண்ணு கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துல வேலைக்குப் போனா மட்டும் அந்நிய தேசமா?"

பங்காளிகள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர், "அட, ஆமால்ல" என்றுகூடச் சொல்லிவிட்டார். பெரியண்ணன் குனியவில்லை.

"மேப்பு பேப்பருமா," என்றார். "பொண்ணு பேப்பர் மேலயா நடந்து போவும்?"

பங்காளிகள் இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நூலும் வரைபடமும் தோற்றுப்போயின.

"உங்க தோட்டத்து மாங்கா வருசா வருசம் ஆந்திராவுக்கு, சித்தூர் கூழ் பேக்டரிக்குத்தான போவுது? மாங்கா போவலாம், பொண்ணு போவக் கூடாதா?"

"மாங்காயப் பத்தி ஊருல யாரும் பேச மாட்டாங்க." எழுந்து துண்டை உதறினார். "நாளைக்குப் பத்து மணிக்கு வர்றன். அந்த ஆஸ்பத்திரிக்கு என் முன்னாடி போனப் போட்டு வேணாம்னு சொல்லிடு. மீறி அனுப்புன, இவ கல்யாணத்துக்குப் பெரியப்பன்னு நான் வந்து நிக்க மாட்டன்."

அவர் போன பிறகு சுகுணா வரைபடத்தை மடிக்கவில்லை. அதன் மேலேயே நடந்து போய்ச் சோற்றுக்கு அரிசி களைந்தாள். களைந்த வேகத்தில் பாதி அரிசி தண்ணீரோடு போயிற்று. ஊர்த் தூரம் தெரியாதவன் பச்சையாகப் பறித்தால் முப்பது பெட்டியோடு போச்சு. இங்கே ஒரு பெண்ணின் ஒன்றரை வருட அலைச்சலையே கொட்டச் சொல்கிறார்கள், அதுவும் இரண்டு மணி நேர வழிக்காக. அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது.

"அம்மா, பெரியப்பா சொன்னா சொன்னதுதான்," என்றாள் பூவிழி. "கல்யாணத்துக்கு வர மாட்டன்னுட்டாரே. வுட்டுடலாமா?"

"உனக்கு அங்க போவணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

"போவணும்."

"அப்ப துணிய எடுத்து வை."

விடியற்காலை ஐந்து மணிக்குக் குப்பத்துக்குத் தக்காளி ஏற்றிய மினி லாரி கிளம்பியது. டிரைவர் கதிரவனுக்குப் பக்கத்தில் தாயும் மகளும் பையை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கி உட்கார்ந்தார்கள். ராயக்கோட்டையில் வெளிச்சம் வந்தது. கிருஷ்ணகிரி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. கடைக்காரர்கள் பேசிய தெலுங்கு, மாரண்டஹள்ளி சந்தையில் பாதிப் பேர் பேசுகிற தெலுங்குதான். ஏழு மணி சொச்சத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார்கள்.

"திரும்பிப் பாக்காத, போ," என்று மகளை உள்ளே அனுப்பிவிட்டு, சுகுணா மட்டும் நின்று அவள் படியேறி மறையும்வரை பார்த்தாள். பிறகு எதிரே இருந்த ஓட்டல் வாசலில் காத்திருந்தாள். கதிரவன் லோடு இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு வந்து சேர்ந்ததும், ஆவி பறக்க நான்கு இட்லி கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். வழி முழுக்கப் பொட்டலம் இருந்த பையை மடியில் அணைத்துப் பிடித்திருந்தாள். இவளை இப்படிப் பார்த்துப் பழக்கமில்லாத கதிரவன், உடம்பு சரியில்லையா என்று இரண்டு முறை கேட்டான்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன பெரியண்ணன் சொன்னபடி வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். நேற்றைய பங்காளிகளும் இருந்தார்கள். பத்தே காலுக்கு வண்டி வாசலில் நின்றது. சுகுணா தனியாக இறங்கியதைப் பார்த்ததும் அவருக்கு முகம் கறுத்தது.

"எங்க போயிருந்த? பொண்ணு எங்க?"

"வேலைக்குப் போயிருக்குது."

"என் பேச்ச மீறி அத்தன தூரம் கொண்டு போயி வுட்டுட்டு வந்தியா?"

தம்பி மனைவி மூத்தாரைத் தொடுவதில்லை. தண்ணீர்ச் சொம்பைக்கூடக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் அந்தக் குடும்பத்து வழக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுகுணாவும் அப்படித்தான் இருந்தாள். இப்போது பையிலிருந்து பொட்டலத்தை வெளியே எடுத்தாள். வாழை இலைக்கு மேலே தெலுங்குப் பேப்பர் சுற்றியிருந்தது. நேரே அவர் முன்னால் போய் நின்று, அவருடைய வலது கையை இழுத்து அதன் மேல் வைத்து அழுத்தினாள். குப்பத்தில் கட்டிய இட்லியின் வெதுவெதுப்பு இன்னும் பேப்பரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பங்காளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியண்ணன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார்.

சுகுணா விடவில்லை.