ஒப்பிட உதவாத மீன்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு வாய்த்தது, செத்தவர்களின் சாப்பாட்டைக் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. கடலோரத்தில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளிலிருந்து எலும்புகள் வரும். துளி பொடித்து அமிலத்தில் கரைத்துக் கருவியில் விட்டால், அந்த ஆள் மீன் தின்றவரா, தானியம் தின்றவரா, உடம்பில் ஈயம் ஏறியிருந்ததா என்று ஓரளவு தெரியும். எண்ணூரில் என் அப்பா இதைக் கேட்டுச் சிரிப்பார். "உசுரோட கீறவன் இன்னா துன்னான்னு கேக்க நாதியில்ல" என்பார்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய மீன் வேண்டும் என்றார் பேராசிரியர். நான் முந்திரிக்கொட்டையாக, எங்கள் முகத்துவாரத்து மடவை மீனைக் கொண்டுவருகிறேன் என்றேன். அப்பாவின் வலையில் விழுவதுதான். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் கலக்கிற தண்ணீர் என்பது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்த்த தண்ணீர், உறைக்கவே இல்லை.

முள்ளிலும் சதையிலும் ஈயம் இருந்தது. தாழியில் கிடந்த எந்த எலும்பிலும் அவ்வளவு இல்லை.

"இது ஒப்பிட உதவாதும்மா. தூக்கிப் போட்டுடு. தெற்கே எங்கயாவது வேற மீன் வாங்கிக்கலாம்" என்றார் பேராசிரியர்.

அவருக்கு அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் தங்கை தினமும் அந்த மீனைத்தான் தின்றுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது, மடவைத் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தட்டை இழுத்தேன்.

"இன்னாக்கா, பேஜாரு பண்ற?"

"இதுல ஈயம் கீது. புள்ளைக்கு ஆவாது. இனிமே தொடாத."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். தங்கையின் முகம் வெளிறிப்போனது.

"இப்போ நிறுத்திட்டா சரியாப் பூடும்ல?"

ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பல வருஷம் அங்கேயே கிடக்கும். வயிற்றில் பிள்ளை வளரும்போது தாயின் எலும்பு கரைந்து பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்தைக் கொடுக்கும், ஈயமும் கூடவே போகும். தாழியில் கிடந்த பெண்களைப் பற்றி இதைத்தான் அப்போது எழுதிக்கொண்டிருந்தேன். இவள் தின்றது இந்தச் சில மாதங்கள் மட்டுமா? பால்குடி மறந்த நாளிலிருந்து அதே மீன்தான். அந்தப் பேராசிரியர் மேல், அந்தத் தண்ணீர் மேல், எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது. அவளுக்குச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பிரசவம் வரை அவள் மீனைத் தொடவில்லை. வெறும் ரசமும் சோறும்தான். பார்க்க வருகிற பெண்களிடமெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டே சொல்வாள்: "எங்க அக்கா பட்ச்சவ. அவதான் என் புள்ளைய காப்பாத்துனா."