தாவிய முள்

பொறியியல் இறுதியாண்டு ஆய்வு அது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கொட்டகை ஒன்றில், சிமென்ட் உத்தரத்தில் எடையைத் தொங்கவிட்டு, அது வளைவதை ஓர் அளவுமானி வைத்து வருடம் முழுக்க அளந்தோம், நானும் கொரட்டூர் தேவசகாயமும். எங்கள் பட்டமே அந்த அளவுமானியின் முள்ளில்தான் இருந்தது.

சில மாலைகளில் போய்ப் பார்த்தால் முள் தாவியிருக்கும். கொட்டகையின் இன்னொரு சாவி தேவசகாயத்திடம். வகுப்புக்கு மட்டம் போடுகிறவனும் அவனே. அவன் சிரித்தாலே எனக்குள் ஏதோ குடைந்தது. முள்ளைத் தொட்டாயா என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"இன்னா மச்சான், என்னையே சந்தேகப்பட்றியா? வா, பகல்ல ரெண்டு பேரும் குந்திகினு பாப்போம்."

உட்கார்ந்தோம். பக்கத்துப் பட்டறையில் தகடு அடிக்கும் பிரஸ் இறங்கியது. தரை அதிர, கண்ணெதிரே முள் தாவியது.

"அதாண்ட போய்க் கேளு, சாவி வச்சிகினு கீதான்னு."

உத்தரத்துக்கடியில் ரப்பர் வைத்தோம், தேறினோம். ஆனால் அவன் தன் சாவியை என்னிடமே திருப்பித் தந்துவிட்டான். இப்போதெல்லாம் எது பிசகினாலும், ஆளைப் பார்க்குமுன் தரையில் உள்ளங்கையை வைக்கிறேன்.