முதல் பெயரில் போன கடிதம்

ஓட்டமாவடியில் தட்டெழுத்து, போட்டோ கொப்பி என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அடுத்தவர் கடிதத்தை வாசித்தாள் என்று மட்டும் என்னை யாரும் சொல்லிவிட முடியாது.

இப்போதெல்லாம் எந்தப் படிவத்தை எடுத்தாலும் ஈமெயில் கேட்கிறார்கள். இல்லாதவர்கள் என்னிடம் வருவார்கள், நான் ஒன்று திறந்து கொடுப்பேன். பதில் பார்ப்பதும் என் தலையில்தான். முதலில் ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாகப் போய்த்தான் பார்த்தேன். போகும்போதெல்லாம் உரியவருடைய போனுக்கு ஒரு இலக்கம் போகும், அதைக் கேட்டு அடித்தால்தான் திறக்கும். அவரோ வாவியில் தோணியில் நிற்பார், இல்லாவிட்டால் வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டிக்கொண்டிருப்பார். போனில் கத்திக் கத்தி என் தொண்டைதான் போனது. அதனால் பதினாறு பேருடையதையும் கொம்பியூட்டரில் ஒரே மெயில் புரோகிராமுக்குள் போட்டுவிட்டேன். ஒருமுறை போட்டால் பிறகு அது எதையும் கேட்காது. இடது பக்கம் பெயர்கள் வரிசையாக நிற்கும். புதுக் கடிதம் வந்தால் அந்தப் பெயர் தடித்துக் கறுப்பாகும், பக்கத்தில் எத்தனை என்றும் காட்டும். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு சட்டமும் வைத்திருந்தேன். மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை கிடக்கும். உரியவர் வந்து அதில் இருந்தால்தான் அவருடைய பெயரைத் திறப்பேன். நூறு கடிதம் சேர்ந்தாலும் தொடமாட்டேன். அது அமானிதம், என்னை நம்பி ஒப்படைத்தது.

அடுத்த தெருப் பெண் ஒருத்தி ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். கட்டாரில் சாரதியாக இருந்த அவளுடைய கணவர் வேலையில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். போன் எங்கே போனதென்று தெரியாது. கூட வேலை செய்தவர் ஆஸ்பத்திரியின் ஈமெயில் ஒன்றைத்தான் அனுப்பியிருந்தார்.

"கடைசியாப் பேசக்குள்ள நல்லா ஏசிப்போட்டன் ராத்தா, லீவுக்கு வரல்லெண்டு. கோவமில்லெண்டு எழுதுங்க. அவர்ர குரலக் கேக்கணுமெண்டு எழுதுங்க."

அன்றைக்கே அவளுக்கு ஈமெயில் திறந்தேன், பதினாறாவது அவளுடையதுதான். அடையாள அட்டையையும் கலியாணப் பதிவையும் ஸ்கேன் பண்ணி, கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். புதுக் கடிதம் தொடங்கினால் இந்தப் புரோகிராம் வரிசையில் முதலாவதாக உள்ள பெயரில்தான் அனுப்பும். மேலே பார்த்து மாற்ற வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல, மற்றவர்களுக்குப் படிப்பித்ததே நான்தான். அன்று பக்கத்தில் அவள் தேம்பிக்கொண்டிருந்தாள். நான் மேலே பார்க்கவில்லை.

முதல் பெயர், பாசிக்குடாவில் ஹோட்டலில் வேலை செய்துவிட்டு மாலைதீவுக்குப் போன ஒருவருடையது. வேலை விளம்பரங்கள் வந்து குவிந்து அவருடைய பெயர் எப்போதும் கறுத்தே கிடக்கும். ஆள் கதிரையில் இல்லையே, நான் எப்படித் திறப்பது?

அவள் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருவாள். "வந்திச்சா ராத்தா?" அவளுடைய பெயரில் ஒன்றும் இருக்காது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவளுக்குக் கடைசியில் நிற்கும் பெயரைக் காட்டி, இது கறுத்தால் வந்திருக்கிறது என்று அர்த்தம் என்று சொல்லிவைத்தேன். பிறகு அவள் கேட்பதில்லை. வந்து கதிரையில் குந்தி, திரையைப் பார்த்துவிட்டுப் போவாள். இன்னொருதரம் எழுதுவோமா என்று ஒருநாள் கேட்டாள். "பொறு புள்ள, கரச்சல் குடுத்தா அவங்க கோவிப்பாங்க" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

மூன்றாவது கிழமை அவர் இறந்துவிட்டார் என்று மவுத்துச் செய்தி வந்தது. உடலை அங்கேயே அடக்கினார்கள். அவள் இத்தாவில் இருந்தாள். கணவரை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள்.

அந்த நாட்களில்தான் மாலைதீவுக்காரர் லீவில் வந்தார். கதிரையில் இருந்து விளம்பரங்களை ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னவர், ஓரிடத்தில் நிறுத்தினார். "ராத்தா, இந்த ரெண்டும் எனக்கு வந்ததில்ல போல."

இரண்டின் தலைப்பிலும் அவளுடைய கணவரின் பெயர். முதலாவதைத் திறந்தேன். நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினோம், நினைவு தெளிவாக இருக்கிறது, மனைவியின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறார், எந்த இலக்கத்துக்கு, எந்த நேரம் போன் எடுக்கலாம் என்று அறிவியுங்கள் என்று இருந்தது. இரண்டாவதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. பிழையாக வந்திருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அது பொய். பிழையாகப் போனது என் கடிதம்.

அவர் போனபிறகு இரண்டையும் மவுசால் இழுத்து அவளுடைய பெயருக்குள் விட்டேன். முதலிலேயே அங்கு வந்ததுபோல் போய் இருந்துகொண்டன. அவளுடைய பெயர் கறுத்து, பக்கத்தில், திறக்காதது ஒன்று என்று காட்டியது. இத்தா முடியட்டும், சொல்வோம் என்று நினைத்தேன். அழித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தேன். எத்தனை நாள் அந்தப் பொத்தானில் விரலை வைத்து வைத்து எடுத்தேன் என்று எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்.

இத்தா முடிந்து முதல்முதல் வெளியே வந்தவள், மரணச் சான்றிதழைக் கொப்பி எடுக்க என் கடைக்குத்தான் வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். நான் மெஷினுக்குத் தாள் வைத்துக்கொண்டு நின்றேன். பழைய பழக்கத்தில் திரையைப் பார்த்திருக்கிறாள்.

"ராத்தா, எண்ட பேரு கறுத்துப்போய் இரிக்கே."

எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய பெயரில் போனது, பதில் எங்கே கிடந்தது, நான் ஏன் திறக்கவில்லை, பிறகு எதை அழிக்கப் பார்த்தேன் என்பதுவரை சொன்னேன். பிழை முழுக்க என்னுடையது புள்ள என்றேன். அவள் ஏசுவாள் என்று நின்றேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, "வாசிங்க" என்றாள்.

முதலாவதைத் தமிழில் சொன்னேன். "கோவமில்லெண்டத வாசிச்சாங்களாமா?" என்று இரண்டுதரம் கேட்டாள். ஓம் என்றேன். பிறகு இரண்டாவதைத் திறந்தேன், நானும் அப்போதுதான் பார்க்கிறேன். நீங்கள் இன்னும் நேரம் அறிவிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு கட்டிலை நிமிர்த்தச் சொல்லி, ஆஸ்பத்திரிப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று இருந்தது.

அவள் கையில் இருந்த சான்றிதழை மடித்தாள், திரும்ப விரித்தாள்.

"அஸருக்குப் பொறகா?"

"ஓம் புள்ள."

"நானும் அந்த நேரம்தானே ராத்தா இஞ்ச வந்து குந்தின."